நூற்றில் எத்தனை பேருக்குத் தொற்றியது? எதிர்ப்பொருள் ஆய்வு நடத்தும் முறை: ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் 19 முதல் நவம்பர் 30 வரை பொதுச் சுகாதாரத் துறை நடத்திய சீரோ ஆய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேரின் ரத்தத்தில் கொரோனா வைரசுக்கு எதிரான எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இருந்தது. அடுத்த சுற்று 2021 ஏப்ரலில் நடந்தபோது அந்த எண் 23 ஆகக் குறைந்திருந்தது. ஒருமுறை தொற்றியவர் தொற்றாதவராக மாறிவிட முடியாது. இடைப்பட்ட மாதங்களில் புதிதாகப் பலருக்குத் தொற்றியும் இருந்தது. ஏறியே தீரவேண்டிய எண் இறங்கியது எப்படி?

ஆய்வில் பிழை நேர்ந்துவிட்டது என்று இதற்கு விடை சொல்லிவிட முடியாது. பரிசோதனைக் கூடம் தரும் "பாசிட்டிவ்" எண்ணிக்கை வேறு, மக்களிடையே நோய் பரவிய அளவு வேறு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கணிக்க, யாரிடம் ரத்தம் எடுத்தோம், எந்தக் கருவியால் சோதித்தோம், தொற்றி எத்தனை மாதம் கழித்துச் சோதித்தோம் என்ற மூன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு மாவட்டத்திலோ மாநகராட்சியிலோ இத்தகைய ஆய்வை நடத்த விரும்புவோருக்கும், வெளியான ஆய்வைச் சரியாகப் படிக்க விரும்புவோருக்கும், அந்தப் பாதையைப் படிப்படியாக இங்கே விளக்குகிறேன்.

படி 1: கேள்வியை எல்லை கட்டி வையுங்கள்

"இன்ன தேதிவரை, இன்ன எல்லைக்குள் வசிக்கும் இன்ன வயதினரில் எத்தனை சதவீதம் பேருக்குத் தொற்றியிருக்கும்?" என்பதே இந்த ஆய்வு பதில் சொல்லக்கூடிய கேள்வி. நான்கு சொற்றொடர்களில் ஒன்று விடுபட்டாலும் பின்னால் தகராறு வரும். தொற்றியபின் ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருள் அளவிடும்படி உருவாகச் சுமார் இரண்டு வாரம் ஆகும் என்பதால், ஜூலை கடைசியில் எடுத்த ரத்தம் ஜூலை நடுப்பகுதிவரை நடந்ததையே சொல்லும்.

யாருக்கு இனி நோய் வராது என்று இந்த ஆய்வு சொல்லாது. பிரேசிலின் மனவுஸ் நகரில் ரத்த தானம் செய்தோரின் மாதிரிகளை வைத்துக் கணித்தபோது, 2020 அக்டோபருக்குள் 76 சதவீதம் பேருக்குத் தொற்றியிருக்கலாம் என்று வந்தது. அந்த நகரம் இனித் தப்பித்தது என்று பலரும் எண்ணியிருந்த நிலையில், 2021 ஜனவரியில் அங்கே மருத்துவமனைகளில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும் அளவுக்கு இரண்டாம் அலை வந்தது. புதிய உருமாற்றம், தேய்ந்த எதிர்ப்பாற்றல், ரத்த தானம் செய்வோரை மட்டுமே வைத்து ஊரை அளந்ததில் இருந்திருக்கக்கூடிய மிகை என்று பல காரணங்கள் பேசப்பட்டன. ஆய்வின் நோக்க அறிக்கையில் "சமூக எதிர்ப்பாற்றலைக் கண்டறிதல்" என்று எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது.

படி 2: யாரிடம் ரத்தம் எடுப்பது

செலவு குறைந்த வழிகள் பல உண்டு. ரத்த வங்கிக்கு வருவோர், மகப்பேறு பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிகள், வேறு சோதனைக்காக ஆய்வகத்தில் கொடுத்த ரத்தத்தின் மிச்சம் ஆகியவை அவை. மாதாமாதம் ஏற்ற இறக்கத்தைப் பார்க்க இவை உதவும். ஆனால் ஊரின் மொத்தக் கணக்கைச் சொல்ல வேண்டுமானால் வீடுவீடாகப் போவதைத் தவிர வழியில்லை. "விருப்பமுள்ளோர் வரலாம்" என்று அழைப்பு விடுத்தால், இரண்டு மாதத்துக்கு முன் காய்ச்சல் கண்டு, அது கொரோனாதானா என்று அறியத் துடிப்பவரே முதலில் வந்து நிற்பார்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தேசிய ஆய்வு (2020 மே 11 முதல் ஜூன் 4 வரை) இதற்குப் பின்பற்றத்தக்க அமைப்பைக் கொண்டிருந்தது. அதை வழிநடத்தியதில் சென்னை அயப்பாக்கத்திலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பதிவான நோயாளிகளின் விகிதத்தைப் பொறுத்து மாவட்டங்களை நான்கு அடுக்குகளாகப் பிரித்து, 21 மாநிலங்களில் 70 மாவட்டங்களைத் தேர்ந்தார்கள். ஒரு மாவட்டத்துக்குப் பத்துக் கிராமம் அல்லது வார்டு, ஒரு கிராமத்துக்கு நாற்பது பேர் என்று மொத்தம் 28,000 பேர். தமிழ்நாட்டிலிருந்து சென்னை, கோயம்புத்தூர், திருவண்ணாமலை ஆகிய மூன்றும் அதில் இருந்தன.

இதில் ஒவ்வொரு கட்டத்திலும் தேர்வு களப்பணியாளரின் கையில் இல்லை என்பதைக் கவனியுங்கள். கிராமத்தைக் கணினி தேர்கிறது. கிராமத்துக்குள் தொடங்கும் இடத்தைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. வீட்டுக்குள் யார் என்பதையும் ஓர் அட்டவணையோ குலுக்கலோதான் முடிவு செய்ய வேண்டும். வீட்டு வாசலில் போய் நின்றால் நடப்பது வழக்கமாக ஒன்றுதான்: திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் கையை நீட்டிவிடுவார், வேலைக்குப் போன மகன் விட்டுப்போவார். ஊசிக்கு அஞ்சாதவரும் பகலில் வீட்டில் இருப்பவருமே ஆய்வுக்குள் நிறைந்துவிட்டால், பேருந்திலும் சந்தையிலும் பலரோடு பழகி முதலில் தொற்று வாங்கியவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். ஆகவே குலுக்கலில் வந்தவர் வெளியே போயிருந்தால், மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையோ மறுபடி போக வேண்டும். பூட்டிய வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டை எடுத்துக்கொள்ளும் பழக்கத்தைப் பயிற்சியின்போதே நிறுத்தி விடுங்கள்.

படி 3: எத்தனை பேர் வேண்டும்

ஒரு மாவட்டத்தில் பத்து சதவீதம் பேருக்குத் தொற்றியிருக்கலாம் என்று எதிர்பார்க்கிறோம், கிடைக்கும் விடை இரண்டு சதவீதப் புள்ளி முன்பின் இருந்தால் போதும் என்று வைத்துக்கொள்வோம். 1.96-இன் (95 சதவீத நம்பிக்கைக்குரிய எண்) வர்க்கத்தை 0.10-ஆலும் 0.90-ஆலும் பெருக்கி, 0.02-இன் வர்க்கத்தால் வகுத்தால் 864 வரும். மாவட்டம் முழுவதிலும் சிதறிய தனி ஆட்களைக் குலுக்கி எடுத்தால் இது போதும். நாமோ கிராமம் கிராமமாக, கொத்துக் கொத்தாக எடுக்கிறோம்.

தொற்று நோயில் ஒரே தெருக்காரர்கள் ஒருவரைப் போலவே மற்றவர் இருப்பார்கள். ஒரு தெருவில் நாற்பது பேரைச் சோதிப்பது நாற்பது தனித்தனிச் செய்திகளைத் தராது. இந்த இழப்பை ஈடுகட்டப் பெருக்க வேண்டிய எண், கொத்தின் அளவில் ஒன்றைக் கழித்து, ஒரே கொத்தினரிடையேயான ஒற்றுமையால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும். ஒற்றுமை 0.03 எனில், கொத்துக்கு 40 பேர் என்றால் 2.17, 20 பேர் என்றால் 1.57. சிறிய கொத்துகளாக அதிக ஊர்களுக்குப் போவது கணக்குக்கு நல்லது, வண்டி டீசலுக்குக் கெடுதல். பொதுவாக 2 என்று வைத்துக்கொண்டால் 1,729 பேர். பத்தில் ஒருவர் மறுப்பார் என்று சேர்த்தால் 1,921 பேர்.

வயது வாரியாகவும் நகரம், கிராமம் வாரியாகவும் தனித்தனி விடை வேண்டுமென்று அதிகாரிகள் கடைசி நேரத்தில் கேட்பார்கள். அந்த ஒவ்வொரு பிரிவுக்கும் மேற்கண்ட கணக்கைத் தனியாகப் போட வேண்டும் என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவது உத்தமம்.

படி 4: கருவியின் குறையைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு எதிர்ப்பொருள் சோதனைக்கும் இரண்டு எண்கள் உண்டு. உண்மையில் தொற்றியவர்களில் எத்தனை பேரைச் சரியாகப் பிடிக்கிறது என்பது உணர்திறன். தொற்றாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விலக்குகிறது என்பது விலக்குதிறன். புனேவின் தேசிய வைராலஜி நிறுவனம் உருவாக்கி, ஸைடஸ் காடிலா தயாரித்த "கோவிட் கவச்" எலைசாவுக்கு (எதிர்ப்பொருளைத் தேடும் ஆய்வகச் சோதனை வகை) உணர்திறன் 92.37 சதவீதம், விலக்குதிறன் 97.9 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது.

98 சதவீதம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. பத்தாயிரம் பேரில் உண்மையில் நூறு பேருக்கு மட்டுமே தொற்றியிருக்கும் தொடக்க காலத்தில் அது என்ன செய்யும் என்று பாருங்கள். அந்த நூறு பேரில் 92 பேரைக் கருவி பிடிக்கும். மீதமுள்ள 9,900 பேரில் நூற்றுக்கு இருவர் வீதம் 198 பேரையும் தவறாகப் பிடிக்கும். மொத்த பாசிட்டிவ் 290. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பொய். முதல் தேசிய ஆய்வில், கவச் எலைசாவில் பாசிட்டிவ் வந்த சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) யூரோஇம்யூன் என்ற இன்னொரு எலைசாவிலும் சோதித்து, இரண்டிலும் வந்ததை மட்டும் ஏற்றதற்கு இதுவே காரணம். திருத்தங்களுக்குப் பின் வந்த விடை 0.73 சதவீதம்.

இந்தக் கணக்கைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா ஆய்வு சான்று. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் முகநூல் விளம்பரம் மூலம் ஆட்களைத் திரட்டி 3,330 பேரைச் சோதித்ததில் 50 பேர் பாசிட்டிவ். கருவியின் விலக்குதிறனுக்கு அவர்கள் முதலில் காட்டிய ஆதாரம், தொற்றாத 401 மாதிரிகளில் 399 சரியாக வந்தது என்பது. 401-இல் இரண்டு தவறு என்றால் உண்மையான தவறு விகிதம் 1.8 சதவீதம் வரைகூட இருக்கலாம், 3,330-இல் 1.8 சதவீதம் 60 பேர். அதாவது, கிடைத்த ஐம்பதும் பொய்யாக இருக்கவும் இடமிருந்தது. நோய் நினைத்ததைவிடப் பல மடங்கு பரவிவிட்டது, ஆகவே அது அத்தனை கொடியதல்ல என்ற முடிவு அதற்குள் உலகெங்கும் செய்தியாகிவிட்டது.

கருவி நிறுவனத்தின் துண்டுப்பிரசுர எண்ணை நம்பிப் புறப்படாதீர்கள். அந்த எண்கள் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்த கடும் நோயாளிகளின் ரத்தத்தில் பெற்றவை; அவர்களிடம் எதிர்ப்பொருள் மிகுதி. நீங்கள் தேடப்போவதோ லேசான சளியோடோ அறிகுறியே இல்லாமலோ போனவர்களை. 2019-க்கு முன் சேமித்த உள்ளூர் சீரம் சில நூறும், பி.சி.ஆர். (வைரசின் மரபுப்பொருளைத் தேடும் சோதனை) மூலம் உறுதியான லேசான நோயாளிகளின் சீரம் சில நூறும் வைத்து நீங்களே அளந்து பாருங்கள்.

படி 5: களத்தில்

மனிதரிடம் ரத்தம் எடுக்கும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். ஒப்புதல் படிவம் அவர் பேசும் மொழியில் இருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்குப் பெற்றோர் ஒப்புதலோடு, விவரம் தெரிந்த பிள்ளையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும்.

2020-இல் வாசலில் சுகாதாரத் துறை வண்டி நின்றாலே தெரு அஞ்சியது. வீட்டை அடைத்துத் தகரம் அடித்துவிடுவார்கள் என்ற பயம் அது. ஆகவே முந்தைய நாளே ஊராட்சித் தலைவரிடமோ வார்டு உறுப்பினரிடமோ சொல்லி, அந்த ஊருக்குப் பழகிய கிராம சுகாதார செவிலியரை உடன் அழைத்துப் போவதால், மறுப்போர் எண்ணிக்கை கணிசமாகக் குறையும். இந்தச் சோதனையால் யாரையும் தனிமைப்படுத்த மாட்டார்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள், அதற்கு உண்மையாகவும் இருங்கள்.

நரம்பிலிருந்து மூன்று முதல் ஐந்து மில்லி ரத்தம் போதும். குழாயில் ஒட்டும் எண்ணும் வினாத்தாளின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த ஒட்டுத்தாளை ஊரிலேயே, ரத்தம் எடுத்த அடுத்த நொடியில் ஒட்டுங்கள். மாலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டால், முப்பத்தெட்டாவது குழாய் யாருடையது என்ற கேள்வி நிச்சயம் வரும். ரத்தம் உறைய அரை மணி நேரம் நிற்கவிட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிப் பிரித்த வைக்கோல் நிறச் சீரத்தை, ஐஸ்பேக் வைத்த பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் அனுப்ப வேண்டும். கலங்கிச் சிவந்த சீரம், சுழற்றுமுன்பே வெயிலில் நெடுநேரம் இருந்ததையோ குழாய் வண்டியில் குலுங்கியதையோ காட்டிக்கொடுக்கும்.

வினாத்தாள் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். வயது, பால், தொழில், காய்ச்சல் வந்ததா, பி.சி.ஆர். எடுத்ததா, எந்தத் தடுப்பூசி, எந்தத் தேதியில் என்பவை போதும்.

படி 6: ஆய்வகத்தில்

எலைசா தட்டில் 96 குழிகள். சிலவற்றைக் கட்டுப்பாட்டு மாதிரிகளுக்கு ஒதுக்கிவிட்டால், கவச் கருவியில் ஒரே ஓட்டத்தில் 90 மாதிரிகளை இரண்டரை மணி நேரத்தில் பார்க்கலாம். எதிர்ப்பொருள் உள்ள குழி மஞ்சளாகும். அந்த மஞ்சளின் அடர்த்தியைக் கருவி எண்ணாகத் தருகிறது. எந்த எண்ணுக்கு மேல் பாசிட்டிவ் என்ற எல்லைக்கோட்டுக்கு அருகே எப்போதும் சிலர் நிற்பார்கள். அவர்களைக் கண் மதிப்பில் அந்தப்பக்கமோ இந்தப்பக்கமோ தள்ளாமல், மறுசோதனை விதியை முன்கூட்டியே எழுதிவைத்துப் பின்பற்ற வேண்டும். "பாசிட்டிவ், நெகட்டிவ்" என்று மட்டும் பதியாமல் அந்த மூல எண்ணையும் சேமியுங்கள்.

படி 7: கச்சா எண்ணைத் திருத்துதல்

முதல் திருத்தம் எடையிடுதல். உங்கள் மாதிரியில் நூற்றுக்கு அறுபது பெண்கள் வந்திருந்தால், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உள்ள வயது, பால் விகிதத்துக்கு அதைச் சமன் செய்ய வேண்டும்.

இரண்டாவது, கருவியின் குறைக்கான திருத்தம். 1978-இல் ரோகன், கிளாடன் இருவரும் வெளியிட்ட எளிய சூத்திரம் இதற்கு உண்டு. கிடைத்த பாசிட்டிவ் விகிதத்தோடு விலக்குதிறனைக் கூட்டி ஒன்றைக் கழியுங்கள். அதை, உணர்திறனையும் விலக்குதிறனையும் கூட்டி ஒன்றைக் கழித்து வரும் எண்ணால் வகுங்கள். உணர்திறன் 92, விலக்குதிறன் 98 எனில் வகுக்கும் எண் 0.90. நூற்றுக்கு 30 பேர் பாசிட்டிவ் என்றால் 0.28-ஐ 0.90-ஆல் வகுத்து 31.1 சதவீதம், பெரிய மாற்றமில்லை. நூற்றுக்கு 3 பேர் பாசிட்டிவ் என்றாலோ 0.01-ஐ 0.90-ஆல் வகுத்து 1.1 சதவீதம், கிடைத்த எண்ணில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மிஞ்சுகிறது. பரவல் குறைவாக இருக்கும்போது விலக்குதிறனும், மிகுதியாக இருக்கும்போது உணர்திறனும் விடையை ஆட்டிவைக்கின்றன.

நம்பிக்கை இடைவெளியை, அதாவது உண்மை விடை இருக்கக்கூடிய எல்லையை, அறிவிக்கும்போது மாதிரி எடுத்ததன் நிச்சயமின்மையோடு, கருவியின் இரு எண்களிலும் உள்ள நிச்சயமின்மையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 0.73 என்ற தேசிய எண்ணோடு "0.34 முதல் 1.13 வரை" என்று அச்சிட்டிருந்தது. செய்தித்தாள்கள் நடு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டன.

படி 8: தேய்மானமும் தடுப்பூசியும்

இப்போது தொடக்கக் கேள்விக்கு வரலாம். எதிர்ப்பொருள் நிலையாக இருப்பதில்லை. நாள் போகப்போக அதன் அளவு குறைந்து, கருவியின் எல்லைக்கோட்டுக்குக் கீழே இறங்கும். அந்த மனிதருக்குத் தொற்றியது உண்மை, ஆனால் சோதனை அவரை "இல்லை" என்கிறது. வைரசின் உள்ளே மரபுப்பொருளைச் சுற்றியிருக்கும் நியூக்ளியோகாப்சிட் புரதத்தின் மீதான எதிர்ப்பொருளைத் தேடும் சில கருவிகளில் இது விரைவாகவே நேர்ந்தது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பாருங்கள். உண்மைப் பரவல் 32 சதவீதம், விலக்குதிறன் 99. தொற்றிய புதிதில் உணர்திறன் 92 என்றால் பாசிட்டிவ் 30.1 சதவீதம் வரும். ஆறேழு மாதத்தில் உணர்திறன் 65-க்கு இறங்கினால், அதே மக்களிடம் 21.5 சதவீதம்தான் வரும். தமிழ்நாட்டின் 31-உம் 23-உம் இந்த அச்சிலேயே வார்த்தவை போலிருக்கின்றன. முதல் அலையின் உச்சம் 2020 ஜூலை, ஆகஸ்டில். ஏப்ரல் ஆய்வின்போது, அந்த உச்சத்தில் நோய் கண்டவர்களுக்குத் தொற்றி எட்டு, ஒன்பது மாதம் ஆகியிருந்தது. இதைச் சமாளிக்க, பி.சி.ஆர். உறுதியான இருநூறு முந்நூறு பேரை மூன்று மாதத்துக்கொருமுறை அதே கருவியால் சோதித்து, உணர்திறன் எப்படி இறங்குகிறது என்ற கோட்டை வரைந்து, திருத்தச் சூத்திரத்தில் நிலையான எண்ணுக்குப் பதிலாக அந்தக் கோட்டைப் பயன்படுத்த வேண்டும்.

தடுப்பூசி வந்தபின் இன்னொரு சிக்கல். கோவிஷீல்டு உடலுக்குக் காட்டுவது வைரசின் வெளிப்புறத்திலுள்ள முள் (ஸ்பைக்) புரதத்தை மட்டுமே. ஆகவே அதைப் போட்டவரிடம் நியூக்ளியோகாப்சிட் எதிர்ப்பொருள் இருந்தால், அவருக்கு இயற்கையாகத் தொற்றியிருக்கிறது என்று கொள்ளலாம். கோவேக்சினோ செயலிழக்கச் செய்த முழு வைரஸ். அது இரண்டு எதிர்ப்பொருளையும் உண்டாக்கும். எந்தத் தடுப்பூசி என்ற கேள்வியை வினாத்தாளில் விட்டுவிட்டால் இதைப் பிரிக்கவே முடியாது. 2021 ஜூன், ஜூலையில் நடந்த நான்காவது தேசிய ஆய்வில் 67.6 சதவீதம் என்ற எண்ணோடு, தடுப்பூசி போடாத பெரியவர்களில் 62.3 சதவீதம் என்று தனியே காட்டியது இந்தக் காரணத்தால்தான்.

படி 9: எண்ணை அறிவித்தல்

சதவீதத்தை மக்கள்தொகையால் பெருக்கினால் தொற்றியோர் எண்ணிக்கை கிடைக்கும். தமிழ்நாட்டின் முதல் சுற்றில் அது சுமார் 2.26 கோடி. பதிவான நோயாளிகளைப்போல் எத்தனை மடங்கு என்று கேட்பார்கள். ஆய்வு முடிந்த நவம்பர் 30-இன் பதிவு சுமார் 7.8 லட்சம், அதன்படி 29 மடங்கு. ஆய்வு தொடங்கிய அக்டோபர் 19-இன் பதிவு சுமார் 6.9 லட்சம், அதன்படி 33 மடங்கு. எந்தத் தேதியை வைத்து வகுத்தோம் என்று எழுதாத மடங்கு எண்ணுக்கு மதிப்பில்லை. இறப்பு விகிதம் கணிக்கும்போது எச்சரிக்கை இரட்டிப்பாகும்: தொற்றியவர் இறப்பதற்கு மூன்று, நான்கு வாரம் ஆகும் என்பதால் இறப்புக் கணக்கைத் தள்ளி எடுக்க வேண்டும், பதிவாகாத இறப்புகளும் உண்டு.

சராசரியை மட்டும் அறிவிக்காதீர்கள். சென்னை மாநகராட்சியில் 2020 ஜூலையில் 12,405 பேரைச் சோதித்ததில் 21.5 சதவீதம். மண்டல வாரியாகப் பார்த்தால் தண்டையார்பேட்டையில் 44.2, மாதவரத்தில் 7.1. அதே மாதம் மும்பையின் மூன்று வார்டுகளில் குடிசைப் பகுதியில் 57 சதவீதம், மற்ற குடியிருப்புகளில் 16 சதவீதம். ஒரே நகரத்தின் பெயரில் இரண்டு வெவ்வேறு தொற்று வரலாறுகள் நடந்திருக்கின்றன. குழாய்த் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் வரிசையில் நிற்கும் தெருவையும், கதவைச் சாத்திக்கொள்ள முடிந்த தெருவையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைப்பது எந்தத் தெருவின் எண்ணும் அல்ல.

ரத்தம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் அவருடைய முடிவைத் தெரிவியுங்கள், "இது பாதுகாப்புச் சான்று அல்ல" என்ற வரியோடு. கடைசியாக ஒரு நடைமுறை வேலை: ஒவ்வொரு மாதிரியிலும் அரை மில்லி சீரத்தை, எதிர்கால ஆய்வுக்கும் ஒப்புதல் பெற்று, இரண்டு சிறு குப்பிகளில் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் வையுங்கள். இரண்டாக ஏனென்றால், உருக்கி உறையவைத்த சீரத்தில் எதிர்ப்பொருள் சிதையும். நாளை இன்னும் நல்ல கருவி வரும்போதோ, அடுத்த சுற்றில் எண் இறங்கி யாரேனும் காரணம் கேட்கும்போதோ, பழைய சீரத்தையும் புதிய சீரத்தையும் ஒரே தட்டில், ஒரே நாளில், பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் வைத்துப் பார்க்க அந்த இரண்டாவது குப்பி வேண்டும்.